அவங்குலர் என்று எழுதிய மாமா

மாசாய்
10 மார்ச் 2025

அண்ணே,

நலம் விசாரிக்கும் வரியை எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

போனில் உங்கள் நம்பரை நான் தடுத்து வைத்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயடைத்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போனை வைத்த பிறகுதான் கேட்க வந்ததே ஞாபகம் வரும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்ன.

லோஷினி போன வெள்ளிக்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு கடிதங்கள் கொண்டுவந்தாள். தயாரிப்புப் பிரிவு மேனேஜர் குணாளன் மேல் அவள் கொடுத்த புகார் நிரூபிக்கப்படவில்லை என்று ஒன்று. பொய்ப் புகார் கொடுத்ததற்காக உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது, ஏப்ரல் பதினைந்தாம் தேதி விசாரணைக்கு வந்து விளக்கம் சொல் என்று இன்னொன்று. அந்த ஆள் என் கழுத்தில் கை வைத்தார், கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தார் என்று சொன்ன பெண்ணிடம், நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் ஆதாரம் மனிதவள மேனேஜர் எழுதிய அறிக்கை. அந்த மேனேஜர் என் கூடப் பிறந்தவர்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. லோஷினி வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். குணாளன் இந்தப் பெண்ணிடம் நடந்துகொண்ட விதம் ‘அவங்குலர்’ என்று எழுதியிருக்கிறதாம். அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டேன்.

“சார்கிட்டயே கேளுங்கம்மா. அவருதான எழுதினாரு” என்றாள்.

எந்த சார் என்று கேட்கப் போய், அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஆபீஸில்தான் நீங்கள் அவளுக்கு சார், வீட்டில் மாமா. இப்போது வீட்டிலும் சார் ஆகிவிட்டீர்கள். அவள் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். கெட்ட அர்த்தமாக இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

கஸ்தூரி


கெலாங் பாத்தா
15 மார்ச் 2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையில் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருந்தாய். குத்தல் புரிந்தது.

நீ கேட்டது ஒரு சொல்லுக்கு அர்த்தம். அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ நினைப்பதுபோல அது கெட்ட சொல்லே இல்லை. அன்பான, பரிவான, இளையவர்களிடம் ஒரு மாமன் நடந்துகொள்வது போன்ற என்று பொருள். வயதான டாக்டர் ஒருவர் பயந்துபோன நோயாளியிடம் சிரித்துப் பேசித் தைரியம் சொன்னால், அந்தப் பேச்சை அவங்குலர் என்பார்கள். ஓய்வு பெறப் போகிற தலைமையாசிரியர் புதிதாக வந்த ஆசிரியரைத் தட்டிக் கொடுப்பது அவங்குலர். அப்பாவின் கண்டிப்பு அதில் இருக்காது. வாய்ப்பேச்சில் இந்தச் சொல்லை யாரும் அதிகம் சொல்வதில்லை, எழுத்தில்தான் வரும்.

அது பிறந்த கதை இன்னும் அழகு. லத்தீனில் அவுஸ் என்றால் பாட்டன். அவுங்குலுஸ் என்றால் சின்னப் பாட்டன், செல்லமாகச் சொல்வது. ஆனால் ரோமாபுரிக்காரர்கள் அந்தப் பெயரைத் தாய்மாமனுக்குத்தான் வைத்திருந்தார்கள். அப்பாவின் சகோதரனுக்கு வேறு பெயர், பாத்ருவுஸ். அவர் கண்டிப்புக்குப் பேர் போனவர். தாய்மாமன் செல்லம் கொடுப்பவர். அந்த அவுங்குலுஸ்தான் பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து, ஆங்கிலத்தில் அங்கிள் ஆனது. ஆங்கிலேயருக்கு இரண்டு பேரும் ஒரே அங்கிள். நம் ஊரிலோ பஸ் ஓட்டுகிறவர் வரை அங்கிள். மாமா வேறு, சித்தப்பா வேறு என்று வைத்திருக்கிற நமக்குத்தான் அந்தச் சொல்லின் ருசி முழுசாகத் தெரியும். அந்தக் கால லண்டனில் அடகுக் கடைக்காரரைக்கூடக் கேலியாக ‘என் மாமா’ என்பார்களாம். அதனால் அடகு வைப்பதற்கும் இந்தச் சொல்லை வேடிக்கையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்பாய். சொற்களில் இறங்கினால் எனக்கு ஏறி வரத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் என்று என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இன்று சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்தில் என் அறிக்கையைக் காட்டி, இப்படி எழுத வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள்.

இனி விஷயம். தயாரிப்புப் பிரிவில் நான் விசாரித்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். “குணாளன் அங்கிள் அப்படித்தான் சார், எல்லாரயும் சொந்தப் பிள்ள மாதிரி பாப்பாரு லா.” அதை நான் ஒரே சொல்லில் எழுதினேன். கேமராவில் எதுவும் இல்லை. சாட்சி யாரும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் மாமனாக எழுத முடியாது. லோஷினி படித்த பெண், யோசித்தால் புரிந்துகொள்வாள்.

அண்ணி உங்களை விசாரித்தாள்.

அன்புடன்,
அர்ச்சுனன்


மாசாய்
20 மார்ச் 2025

அண்ணே,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாடம் நன்றாகத்தான் நடத்துகிறீர்கள். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். குணாளன் என்கிறவர் லோஷினிக்குத் தாய்மாமனைப் போல என்று, லோஷினியின் தாய்மாமன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எழுதும்போது உங்களுக்குக் கூசவில்லையா? பாட்டன், பிரெஞ்சு, ரோமாபுரி என்று அந்த வார்த்தையின் ஏழு தலைமுறையும் தெரிந்த உங்களுக்கு, அதில் உட்கார வேண்டியவர் நீங்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்றா?

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, கம்பெனியில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னது நீங்கள்தான். சொந்தக்காரப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டான் என்று பேர் வரும், நாலு பேர் முன்னால் என்னை சார் என்றே கூப்பிடு என்றீர்கள். அவளும் அப்படியே செய்தாள். அந்தக் குணாளனோ இவள் வேலைக்கு வந்த முதல் நாளே, “சார் எல்லாம் வேணாம் மா, அங்கிள்னு கூப்பிடு” என்று சொல்லியிருக்கிறார். இவள் அந்தக் கம்பெனியில் மாமனை சார் என்றாள், எவனோ ஒருவனை அங்கிள் என்றாள். உங்கள் அறிக்கையும் அதையே உறுதி செய்துவிட்டது.

சாட்சி இல்லை என்கிறீர்கள். டிசம்பரில் தெப்ராவ் ஹோட்டலில் கம்பெனி விருந்து நடந்ததே. போட்டோ எடுக்கும்போது அந்த ஆள் இவள் இடுப்பில் கையைப் போட்டார். இவள் நகர்ந்தாள், கை கூடவே நகர்ந்தது. இவள் எதிர் மேசையைப் பார்த்தாள். அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கண்ணும் அவள் கண்ணும் நேராகப் பட்டது என்கிறாள். அப்புறம் நீங்கள் குனிந்து கோழித் துண்டைப் பிய்க்க ஆரம்பித்தீர்கள். இதை அவள் புகாரில் எழுதவில்லை. மாமாவை மாட்டிவிடக்கூடாது என்று நினைத்தாளாம். எனக்கே நேற்றுதான் சொன்னாள்.

விருந்துக்கு அப்புறம்தான் அவள் ஒரு முழுக்கை ஜாக்கெட் வாங்கினாள். ஆபீஸ் ஏர்கான் குளிர் என்றாள். உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதும் கழற்ற மாட்டாள். நான் ஒரு மடச்சி, புதுசு என்று ஆசையாகப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடகுக் கடைக்காரருக்கும் மாமா என்று பேர் உண்டென்று எழுதியிருந்தீர்கள். வேடிக்கைக்காகத்தான் எழுதினீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளையை எதற்காக வைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தெப்ராவில் பார்த்ததைப் பார்த்தேன் என்று விசாரணைக் குழுவுக்கு எழுதுங்கள். அவள் உங்களுக்கு யார் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பொய்க்காரி என்ற பேரோடு என் பிள்ளை அந்த இடத்தை விட்டு வெளியே வருவாள். அவள் சிங்கப்பூரில் வேலை தேடினாலும் அந்தப் பேர் கூடவே வரும்.

கஸ்தூரி


கெலாங் பாத்தா
26 மார்ச் 2025

கஸ்தூரி,

நீ சுலபமாகக் கேட்டுவிட்டாய். நீ சொல்வதுபோல எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? அவள் என் மருமகள் என்பதை மறைத்ததற்கே என்னை வேலையை விட்டு எடுக்கலாம். மறைத்தது மட்டுமில்லை, அவள் புகாரை நானே விசாரித்திருக்கிறேன். உறவு என்று சொல்லி நான் அன்றைக்கே ஒதுங்கியிருக்க வேண்டும். இந்த விதியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். அதை மீறியவனும் நானே என்று தெரிந்தால் எந்த முகத்தோடு நடப்பேன்? எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். செல்வா இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான்.

தெப்ராவ் விருந்தைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எல்லாரும் எல்லார் தோளிலும் கை போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நின்றார்கள். அவள் நகர்ந்ததும் அவர் கை நகர்ந்ததும் ஒரு நொடியில் நடந்தது. பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. அவர் பெரிய வக்கீலை வைத்து, மாமனும் மருமகளும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்பார். அப்போது லோஷினியின் புகார் இன்னும் கெட்டுப்போகும். அவள் நன்மைக்காகவும்தான் சொல்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. இங்கே கெலாங் பாத்தாவில் எனக்குத் தெரிந்தவர் புதுக் கிடங்கு ஒன்று திறக்கிறார், குமாஸ்தா வேலை காலி. நான் சொன்னால் எடுத்துக்கொள்வார். லோஷினி தானாக விலகல் கடிதம் கொடுத்துவிட்டால், விசாரணையே நடக்காமல் பார்த்துக்கொள்வேன். அவள் பேரில் எந்தக் குறிப்பும் இருக்காது. அவள் தங்கிக்கொள்ள எங்கள் வீட்டிலேயே அறை இருக்கிறது. அண்ணியும் சந்தோஷப்படுவாள்.

அடகு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தையே மூன்று தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். நான் கெட்டவன் இல்லை கஸ்தூரி. அவள் அப்பா வேலு இறந்ததிலிருந்து அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று சொல்.

யோசித்துப் பதில் எழுது.

அர்ச்சுனன்


மாசாய்
2 ஏப்ரல் 2025

அண்ணே,

உங்கள் கடிதத்தை லோஷினியிடமே கொடுத்துவிட்டேன். அவளைப் பற்றிய விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேர் பேசுவது போதும் என்று நினைத்தேன்.

படித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அப்புறம், “அப்ப பாத்துருக்காரு மா” என்றாள். அவ்வளவுதான். அவள் நகர்ந்ததையும் கை நகர்ந்ததையும் ஒரு நொடியில் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்க்காதவருக்கு நொடிக் கணக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள், தான்தான் தப்பாக நினைத்துக்கொண்டோமோ, மாமா உண்மையிலேயே பார்க்கவில்லையோ என்று அவளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. உங்கள் கடிதத்தால் அது போய்விட்டது. அந்தக் கடிதத்தை நான் விசாரணைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். “அவரே சொன்னா சொல்லட்டும். திருடிக் குடுக்கக் கூடாது” என்றாள்.

அவள் விலகல் கடிதம் கொடுக்கப் போவதில்லை. கெலாங் பாத்தா வேலையும் வேண்டாம், அறையும் வேண்டாம்.

வேலு போன பிறகு என்ன குறை வைத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குறையும் வைக்கவில்லை அண்ணே. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அவள் பெரிய மனுஷியானபோது, மாமன் கையால்தான் குடிசை கட்ட வேண்டும் என்று தென்னை ஓலையை நீங்களே வெட்டிக்கொண்டு வந்தீர்கள். ஆபீஸ் சட்டையோடு வந்து கார் நிறுத்தும் இடத்தில் கட்டினீர்கள். பாராங் கத்தி பட்டு விரலில் ரத்தம். சடங்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாகக் குடிசைக்குள் ஒழுகியது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் ஓலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது. அந்த ஆளைத்தான் நான் இப்போது தேடுகிறேன்.

இதனுடன் நிரப்ப வேண்டிய ஒரு பாரம் வைத்திருக்கிறேன். விசாரணைக்குப் போகிறவர் துணைக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிப்போகலாமாம். துணைக்கு வருகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போகலாம் என்றால், எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். லோஷினி தன் பெயரை எழுதிவிட்டாள், துணைக்கு வருபவர் பெயரில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டாள். ‘உறவு’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். போன தடவை அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இந்தத் தடவையும் நீங்களே எழுதுங்கள்.

எழுத முடியாது என்றால் பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். அவள் தனியாகப் போவாள். அதற்கப்புறம் அவள் கல்யாணத்தில் மாமன் மாலை போடுகிற இடத்தில் யார் நிற்பது என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

கஸ்தூரி


கெலாங் பாத்தா
9 ஏப்ரல் 2025

அன்புள்ள கஸ்தூரி,

பாரத்தைத் தபாலில் அனுப்பவில்லை. நேற்று நானே விசாரணைக் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டேன். பதில் வர நாளாயிற்றே என்று நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ. பயத்தில் மேசை மேல் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணி உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டாள். அவளுக்கு நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நம்ம செல்வா பொண்ணா பொறந்து, அவன் மாமன் இப்படி எழுதியிருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?”

அதற்கப்புறம்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

‘உறவு’ என்ற இடத்தில் முதலில் அங்கிள் என்று எழுதப் போனேன். நிறுத்திவிட்டேன். அந்தக் கம்பெனியில் அந்தச் சொல் யாருடையது என்று உனக்குத் தெரியும். தாயின் சகோதரன் என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் எழுதினேன். உன் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள்தான். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கூடவே ஒரு வாக்குமூலமும் கொடுத்தேன். தெப்ராவ் விருந்தில் குணாளன் அவள் இடுப்பில் கை வைத்ததைப் பார்த்தேன், அவள் விலகினாள், அவர் கையை எடுக்கவில்லை, அவள் என்னைப் பார்த்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று எழுதினேன். அறிக்கையில் அவங்குலர் என்று நான் எழுதியதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது, நேர்மாறானதைக் கண்ணால் பார்த்த பிறகும் எழுதினேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். அந்தச் சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று உனக்குச் சொன்னேன். இனி அதை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கோழித் துண்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

தலைவி படித்துவிட்டு, “அர்ச்சுனன், இதக் கொடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?” என்று கேட்டார். விதியை எழுதினவனே நான்தான் மேடம் என்றேன். மத்தியானமே என் கழுத்திலிருந்த ஆபீஸ் பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். குணாளனையும் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. அவர் வக்கீலோடு வருவார், என்னையும் லோஷினியையும் கிழிகிழி என்று கிழிப்பார். ஜெயிப்போம் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. என் வேலை திரும்பிக் கிடைக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

துணைக்கு வருகிறவர் விசாரணை அறைக்குள் போகலாம் என்று அனுமதி வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் காரோடு நிற்கிறேன். வீட்டுக்குள் வர மாட்டேன். அவள் என்னுடன் பேச வேண்டும் என்றில்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தாலும் சரிதான். ஒன்று மட்டும் அவளிடம் சொல். என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், கூப்பிடாமலே இருந்தாலும் இருக்கட்டும். அந்த அறையில் அந்த ஆள் முன்னால் சார் என்று மட்டும் கூப்பிட வேண்டாம்.

உன் அண்ணன்,
அர்ச்சுனன்


மாசாய்
11 ஏப்ரல் 2025

அண்ணே,

போய்ச் சேர வேண்டுமே என்று இதை அவசரத் தபாலில் போடுகிறேன். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன், போனிலேயே சொல்லியிருக்கலாம். எழுதியே அனுப்புங்கள் என்று லோஷினிதான் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனாள். அங்கிருந்தே சொன்னாள்.

“மாமாவ ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கம்மா. எட்டு மணிக்கு மாசாய் ரோடு ஜாம் ஆயிரும்.”

இட்லி வைத்திருப்பேன். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கஸ்தூரி